ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணும் ஆறு பின்கோடுகளும்

வாசகர் கேள்வி – பதில்: எண்ணியல்

இம்மாதம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே எண்ணைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மண்டபத்தில் நடக்கும் மாலைநேரத் தனிப்பயிற்சி வகுப்பு ஒன்றில் பலகையில் எழுதப்பட்ட அந்த எண், வாட்ஸ்அப் வழியாகத் தொண்டி வரை போய்விட்டதாகத் தெரிகிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் டியூஷன் சார் 388765967021 என்ற எண்ணைக் கொடுத்து, “இது பகா எண்ணா, பகு எண்ணா? பகு எண் என்றால் இதற்குள் எந்தெந்த ஊர் இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். 100க்குள் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டான். எதிலும் மீதியின்றி வகுபடவில்லை. பகா எண் என்று எழுதிவிடலாமா, ஐயா? ஊர் என்று கேட்டதுதான் ஒன்றும் புரியவில்லை.
– ஒரு வாசகி, பாம்பன்

எழுத வேண்டாம், அம்மா. உங்கள் மகன் சரியான வழியில்தான் போயிருக்கிறான். பாதி வழியில் நின்றுவிட்டான், அவ்வளவுதான்.

எண்ணை முதலில் நம் வழக்கப்படி வாசித்துக்கொள்வோம்: 38,876 கோடியே 59 லட்சத்து 67 ஆயிரத்து 21. ஒற்றைப்படையில் முடிவதால் 2 காரணி ஆகாது. கடைசி இலக்கம் 0 அல்லது 5 அல்ல என்பதால் 5 ஆகாது. இலக்கங்களின் கூடுதல் 62, அது மூன்றால் வகுபடாது என்பதால் 3 ஆகாது. அடுத்து வரும் 7, 11, 13 ஆகிய மூன்றையும் தனித்தனியே வகுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணை வலப்புறத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் வந்தால் போதும்: 21 − 967 + 765 − 388 = −569. இந்த 569ஐ 7, 11, 13 ஆகியவற்றில் எதுவும் மீதியின்றி வகுக்காது; ஆகவே நம் பெரிய எண்ணையும் அவை வகுக்க மாட்டா. பள்ளிப் புத்தகத்தில் உள்ள மட்டு எண்கணிதத்தின் நேரடிப் பயன் இது. உங்கள் மகன் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கவே மாட்டான்.

ஆனால் 97 வரை வகுபடவில்லை என்பதால் மட்டும் ஓர் எண் பகா எண் ஆகிவிடாது. வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்கள் அனைத்தையும் சோதித்தாக வேண்டும் என்பது விதி. இங்கே வர்க்கமூலம் 6,23,510க்குச் சற்று மேல். அதற்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. 25ஆவது பகா எண்ணான 97இல் நின்றவன் இன்னும் ஐம்பத்தேழு படிகள் ஏறியிருந்தால், 82ஆவது பகா எண்ணான 421இல் விடை கிடைத்திருக்கும்:

388765967021 = 421 × 923434601

இந்த ஈவையும் தொடர்ந்து வகுத்துக்கொண்டே போனால், 234ஆவது பகா எண்ணான 1481இல் அது 1481 × 623521 என்று மறுபடி உடைகிறது. மீதம் இருக்கும் 623521ஐ எவ்வளவு தூரம் சோதிக்க வேண்டும் என்று கேட்டால், சோதிக்கவே வேண்டாம் என்பதுதான் இக்கணக்கின் அழகு. அதன் வர்க்கமூலம் 790ஐக்கூட எட்டவில்லை. நாமோ 1481 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் முன்பே சோதித்து முடித்துவிட்டோம். 623521க்கு அவற்றில் ஒன்று காரணியாக இருந்திருந்தால், அது முன்பே அகப்பட்டிருக்கும். ஆகவே அது பகா எண். முழு விடை 421 × 1481 × 623521.

இனி ஊருக்கு வருவோம். 623521 உங்கள் ஊரின் பின்கோடு. கடிதத்தின் அடியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு காரணிகளையும் பெருக்கினால் 421 × 1481 = 623501; அது இராமநாதபுரம். ஆசிரியர் மாவட்டத் தலைநகரையும் பாம்பனையும் பெருக்கிப் பலகையில் எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. ஆசிரியர் எதிர்பார்த்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கைப்பேசிக் கணிப்பானில் வர்க்கமூலம் எடுத்தால் 623510.99992 என்று வரும். முழு எண்ணை இவ்வளவு நெருங்கி வரும் வர்க்கமூலத்தைக் கண்டதுமே சந்தேகப்பட வேண்டும். அடுத்த முழு எண் 623511. அதன் வர்க்கம் 388765967121. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் சரியாக 100, அதாவது 10இன் வர்க்கம். ஆக நம் எண் 623511² − 10². ஏழாம், எட்டாம் வகுப்பில் படித்த a² − b² முற்றொருமையின்படி அது (623511 − 10) × (623511 + 10). ஒரே படியில் இரண்டு பின்கோடுகளும் வெளியே வந்துவிட்டன. பிரெஞ்சு நாட்டின் ஃபெர்மா 1643இல் ஒரு கடிதத்தில் விளக்கிய முறை இது. 2027651281 என்ற எண்ணை அவர் இம்முறையால் 44021 × 46061 என்று உடைத்தார். அதற்குப் பன்னிரண்டு முயற்சிகள் தேவைப்பட்டன. காரணிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் மட்டுமே இவ்வழி பயன்படும். பாம்பனும் இராமநாதபுரமும் எண்ணளவில் இருபது மட்டுமே விலகியிருப்பதால் நமக்கு வேலை சுலபமாயிற்று.

எங்கள் நாட்டுப்படகின் பதிவு எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது. எட்டு சனிக்குரிய எண், தொழிலுக்கு ஆகாது என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். டியூஷன் கணக்கில் வந்த இந்தப் பெரிய எண்ணுக்கும் 62, அதாவது எட்டுதான் வருகிறது. இப்படிக் கூட்டிப் பார்ப்பதில் கணித உண்மை ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

உண்டு, ஆனால் அது பயமுறுத்தியவர் சொன்ன உண்மை அல்ல. இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போவது என்பது, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்து மீதியைக் காண்பதற்குச் சமம் (மீதி எதுவும் வராவிட்டால் ஒன்பது என்று வரும்). 10, 100, 1000 என எந்தப் பத்தடுக்கை ஒன்பதால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான் என்பதே இதற்குக் காரணம். ஆகவே எட்டு என்று வந்தால், ஒன்பதன் மடங்குக்கு ஒன்று குறைவு என்று பொருள். அதற்கு மேல் எதுவுமில்லை. ஒன்பது படகுகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இது வந்தே தீரும், மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும்.

கணக்குப்பிள்ளைகள் அந்தக் காலத்தில் பெருக்கலைச் சரிபார்க்க இதையே பயன்படுத்தினார்கள். இராமநாதபுரத்தின் 623501க்குக் கூட்டல் 17, அதாவது 8. பாம்பனின் 623521க்கு 19, அதாவது 1. எட்டும் ஒன்றும் பெருக்கினால் எட்டு. பெரிய எண்ணுக்கும் எட்டு. கணக்கு ஒத்துப்போகிறது.

எண்களின் குணங்களில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சில குணங்கள் எண்ணுக்கே உரியவை. சில, நாம் பத்தை அடியாகக் கொண்டு எழுதுவதால் மட்டும் தோன்றுபவை. 421ஐ எட்டை அடியாகக் கொண்டு எழுதினால் 645 ஆகும். இலக்கக் கூடுதல் 7 என்பது 15 ஆகிவிடும். ஆனால் எந்த அடியில் எழுதினாலும் அது பகா எண்ணாகவே இருக்கும். மனிதனுக்குக் கையில் எட்டு விரல் இருந்திருந்தால் உங்கள் படகின் ‘எட்டு’ வேறொன்றாக மாறியிருக்கும். பகாக் காரணிகள் மட்டும் மாறியிருக்கமாட்டா.

எழுத்துமுறையைச் சார்ந்த குணங்கள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர், தன் இலக்கக் கூடுதலாலேயே மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத் எண்’ என்று பெயரிட்டார்; அவர் பெயரால் வழங்கும் 6174 என்ற மாறிலியைப் பலரும் அறிவார்கள். நம் பெரிய எண் ஹர்ஷத் எண் அல்ல என்பதை வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: இலக்கக் கூடுதல் 62 இரட்டைப்படை, எண்ணோ ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் ஒருபோதும் ஒற்றைப்படை எண்ணை மீதியின்றி வகுக்காது. ஆனால் மண்டபம் முகாமில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அஞ்சல் எண்ணான 623520 ஹர்ஷத் எண்தான்: இலக்கக் கூடுதல் 18, வகுத்தால் 34640. இவை பொழுதுபோக்குக் கணிதத்தின் இனிமைகள். இவற்றை நம்பிப் படகை விற்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். இந்த எண்ணை மாணவர்களுக்குக் காட்டும்போது பகு எண் என்பதோடு நிறுத்திவிடாமல், வேறு எந்தெந்த வகைகளில் இதைச் சேர்க்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் மண்டபத்துப் பின்கோடும் பாம்பனுடையதும் அருகருகே இருந்தும் அவற்றின் குணங்கள் ஏன் இவ்வளவு மாறுபடுகின்றன?
– ஒரு வாசகர், மண்டபம்

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாக அமையும் எண்ணை ஸ்பீனிக் எண் என்பார்கள். நம் எண் அவ்வகை. எந்தப் பகாக் காரணியும் இருமுறை வராததால் அது வர்க்கக் காரணியற்ற எண். பகாக் காரணிகளின் எண்ணிக்கை மூன்று என ஒற்றைப்படையில் இருப்பதால் அதன் மோபியஸ் சார்பின் மதிப்பு −1 (இரட்டைப்படையில் இருந்திருந்தால் +1). வகுத்திகள் மொத்தம் எட்டு. இவையெல்லாம் காரணிப்படுத்தியதும் தாமாகவே கிடைப்பவை என்பதால், வகுப்பில் இவற்றில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை.

அதைவிட, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதலைக் காணச் சொல்லுங்கள். கூடுதல் எண்ணுக்குச் சமமானால் செவ்விய எண், கூடினால் மிகையெண், குறைந்தால் குறைவெண் என்பது கிரேக்கர் காலத்துப் பாகுபாடு. நம் எண்ணுக்கு அந்தக் கூடுதல் 1187185867. பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், மூல எண்ணில் அது முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்பட்டமான குறைவெண்! சிறிய காரணிகள் இல்லாத எண்களின் கதி இதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. மண்டபத்தின் 623518 என்பது 2 × 7 × 44537, குறைவெண். பாலத்தைத் தாண்டி, பாம்பனையும் கடந்து இராமேசுவரம் போனால் 623526 என்பது 2 × 3 × 17 × 6113. ஆறின் மடங்காக இருப்பதால் அது மிகையெண், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 697098. கீழக்கரையின் 623517 என்பது 3 × 307 × 677. நம் பெரிய எண்ணைப் போலவே ஸ்பீனிக் எண். இவற்றுக்கு நடுவே 623520, 623521 என அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். முன்னது 2⁵ × 3² × 5 × 433. அதற்கு எழுபத்திரண்டு வகுத்திகள் உண்டு, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதலோ எண்ணைப் போல் இரண்டு மடங்கையும் தாண்டி 1509156. பின்னது பகா எண். ஒன்றும் தானுமாக இரண்டே வகுத்திகள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி ஒன்றைத் தவிர வேறு இருக்க முடியாது. ஆகவே 623520 தன்னிடம் வைத்திருக்கும் 2, 3, 5, 433 ஆகிய எதுவும் 623521க்குக் கிடைக்கவே வழியில்லை. ஒன்றைக் கூட்டுவது என்னும் மிக எளிய செயல், பெருக்கலின் கண்ணில் எண்ணைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. எண்ணியலில் இன்றளவும் விடை காணாத கடினமான வினாக்களில் பல, கூட்டலும் பெருக்கலும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் பிறக்கின்றன.

மாணவர்களுக்குத் தரத்தக்க இன்னொன்று, இரண்டு வர்க்கங்களின் கூடுதல். நான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில் எழுதலாம் என்று ஃபெர்மா கூறினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். பாம்பன் அத்தகைய பகா எண்: 623521 = 620² + 489². இதிலிருந்தே 145279, 606360, 623521 என்ற பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணமும் கிடைக்கும், கர்ணம் பாம்பனுடையது. இராமநாதபுரத்தின் காரணிகளோ 421 = 15² + 14², 1481 = 35² + 16² என அமைவதால், ஏழாம் நூற்றாண்டின் பிரம்மகுப்தர் பெயரால் வழங்கும் முற்றொருமையைக் கொண்டு அவற்றை இணைத்தால் 623501க்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன: 749² + 250², 730² + 301². மூன்று பகா எண்களும் ஒன்றுசேர்ந்த நம் பெரிய எண்ணுக்கு நான்கு வழிகள். அவற்றில் ஒன்று 586630² + 211261². மற்ற மூன்றையும் உங்கள் மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன். காகிதமும் பொறுமையும் போதும், கணினி வேண்டியதில்லை.

மீன் ஏலப் பணம் முழுக்க இப்போது கைப்பேசியில்தான் வருகிறது. அந்தப் பாதுகாப்புக்கும் இப்படிப்பட்ட பெரிய எண்களுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், இராமேசுவரம்

உண்மை. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் ஆகிய மூவர் வகுத்த ஆர்.எஸ்.ஏ. என்னும் குறியாக்க முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண் பகிரங்கமாக அறிவிக்கப்படுகிறது. அதை உடைக்கத் தெரியாதவரை பூட்டைத் திறக்க முடியாது. இன்று பரவலாக உள்ள 2048 பிட் அளவில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள். 250 இலக்கம் கொண்ட ஒரு சோதனை எண்ணை உடைப்பதே 2020இல்தான், ஏராளமான கணினிகளைச் சேர்த்து உழைக்க வைத்த பிறகுதான், கைகூடியது. பாம்பன் வாசகிக்குச் சொன்ன ஃபெர்மாவின் குறுக்குவழி இங்கே எச்சரிக்கையாகப் பயன்படுகிறது: எவ்வளவு பெரிய பகா எண்களாக இருந்தாலும், இரண்டும் அருகருகே இருந்தால் பூட்டு நொடியில் திறந்துவிடும். ஆகவே அவற்றை விலக்கியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வங்கிச் செயலிகளில் இப்போது வேறு வகைக் குறியாக்கமும் கலந்து வருகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுக்கு மூன்றே மூன்று பகாக் காரணிகள் என்பது அபூர்வமா? இவ்வளவு பெரிய எண்ணுக்குப் பத்துப் பதினைந்தாவது இருக்கும் என்று நினைத்தேன்.
– ஒரு வாசகி, தொண்டி

அபூர்வமே இல்லை, எதிர்பார்க்கத்தக்கது மூன்றுதான். ஹார்டியும் நம் இராமானுஜனும் 1917இல் வெளியிட்ட தேற்றம் இதைத்தான் சொல்கிறது: n என்னும் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, பெரும்பாலான எண்களுக்கு, n இன் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் வரும் மதிப்பையே ஒட்டி அமையும். நம் எண்ணுக்கு முதல் மடக்கை ஏறத்தாழ 26.69, அதன் மடக்கை 3.28. இருமுறை மடக்கை எடுப்பதால் இந்த அளவு மிக மிக மெதுவாகவே வளர்கிறது. நீங்கள் எதிர்பார்த்த பத்துக் காரணிகள் சாதாரணமாக அமைய வேண்டுமானால், எண்ணுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரத்து ஐந்நூறு இலக்கங்கள் வேண்டும். அவ்விருவரின் நிரூபணம் கடினமானது. 1934இல் துரான் தந்த எளிய நிரூபணத்தை உங்கள் பாடத்திட்டத்தின் நிகழ்தகவு அறிவோடு வாசித்துவிடலாம். முதலில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேற்றம் சொல்வது ‘பெரும்பாலான எண்கள்’ பற்றி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இப்பகுதியில் வந்த ஆறு பின்கோடுகளையே எடுத்துக்கொண்டால், வெவ்வேறு பகாக் காரணிகள் இராமநாதபுரத்துக்கு இரண்டு, கீழக்கரைக்கு மூன்று, மண்டபத்துக்கு மூன்று, மண்டபம் முகாமின் மீன்வள நிலையத்துக்கு நான்கு, பாம்பனுக்கு ஒன்று, இராமேசுவரத்துக்கு நான்கு; மொத்தம் பதினேழு, சராசரி 2.83. ஆறு லட்சத்தை ஒட்டிய எண்களுக்கு இரட்டை மடக்கை 2.59, சராசரியைக் கணக்கிடும்போது அதனோடு 0.26 என்ற மாறிலியைச் சேர்க்க வேண்டும் என்பதால் 2.85. இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயலே. ஆறு எண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது. 623001 முதல் 623999 வரை எல்லா எண்களுக்கும் ஒரு சிறு நிரல் எழுதி எண்ணிப் பாருங்கள். தேற்றம் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.